மாமாவின் மாலைக்கண்ணும் மரபணு மருத்துவமும்

என் தாய்மாமா ஜொகூர், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியும் முன்னே மரம் சீவப் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதில், தலைவிளக்கு இருந்தும் நிரையில் அடுத்த மரம் அவருக்குத் தெரியவில்லை. மாலைக்கண் என்று பாட்டி முருங்கைக்கீரையும் மீனெண்ணெயும் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. இன்று ஐம்பதைத் தாண்டிய மாமாவுக்குக் குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை உண்டு. விழித்திரை உயிரணுக்கள் ஓரத்திலிருந்து அழிந்துவரும் ‘ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா’ என்ற மரபுநோய் இது.

“மரபணு ஊசி வந்துருச்சாமே, எனக்குப் போடலாமாடா?” என்று சென்ற விடுமுறையில் மாமா கேட்டார். வாசக நண்பர்களே, அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

விழித்திரையில் ஒளியை ஏற்கும் பொருள் வைட்டமின் ‘ஏ’யிலிருந்து உண்டாகிறது. ஒளி பட்டதும் அதன் வடிவம் மாறும். பழைய வடிவத்துக்குத் திருப்ப ஒரு நொதி தேவை. அதை உருவாக்குவது ஆர்.பி.இ.65 என்ற மரபணு. அது பழுதானால் எவ்வளவு கீரை தின்றும் பார்வை வராது.

இக்குறையோடு பிறந்த பிரியார்ட் இன நாய்களுக்குப் பழுதற்ற மரபணுவைச் செலுத்திப் பார்வை தந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டனர். நோய் தராத ஒரு வைரசின் சொந்த மரபணுக்களை நீக்கி, நல்ல மரபணுவை ஏற்றி, விழித்திரைக்கு அடியில் ஊசியால் விடுகிறார்கள். வைரஸ் இங்கே சரக்கு லோரிதான். ஆனால் மிகச் சிறிய லோரி. ஏறத்தாழ 4,700 மரபெழுத்துகளுக்குமேல் ஏற்றாது. பெரிய மரபணுக்கள் பல அதில் அடங்குவதில்லை.

இம்முறையில் உருவான ‘லக்ஸ்டர்னா’வுக்கு அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதி அளித்தது. அறிவித்த விலை, ஒரு கண்ணுக்கு 425,000 டாலர்! விலையைக் கேட்டு மாமா சிரித்துவிட்டார்.

விலையைவிடப் பெரிய தடை வேறு. விழித்திரையைப் பாதிக்கும் மரபணுக்கள் 250க்கும் மேல். லக்ஸ்டர்னா அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே. உயிருள்ள உயிரணுக்களும் மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே, பழுதான மரபணு எது என்று முதலில் அறிய வேண்டும். அது எளிதாக இருந்ததில்லை. 1999இல் குமாரமாணிக்கவேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓர் இந்தியக் குடும்பத்தின் நோய்க்குக் காரணம் இரண்டாம் குரோமோசோமில் உள்ளது என்று காட்டினர். மரபணு இன்னதென்று தெரிந்தது 2010இல்தான். இன்றைய இரத்தப் பரிசோதனையில் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

என் தாத்தா தம் அக்காள் மகளைத்தான் மணந்தார். நெருங்கிய உறவில் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரலாம். மாமாவின் நோய் இவ்வழியில் வந்திருந்தால் அவர் மகனிடம் அப்பழுதின் ஒரு பிரதி நிச்சயம் இருக்கும். அவருக்குத்தான் என் அக்காவைப் பேசியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் மாமாவின் இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம். அவரிடம் உள்ள பழுது தெரிந்தால்தான் அக்காவிடம் அதைத் தேட முடியும். அதுவரை கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்க அம்மா ஒப்புக்கொண்டார். பாட்டிதான் இன்னும் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.