அம்மாவுக்காக வளர்த்த வெள்ளை டெய்சி

"டெய்சியா? அது ஊட்டி, குன்னூரிலே பூக்கிற பூவாச்சே! தாம்பரத்து வெயிலிலே வருமா?"

நான் யாரிடம் யோசனை கேட்டாலும் இப்படித்தான் என்னைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு தடவை தோற்றுப் போய், மூன்றாவது தடவை மூன்றே மூன்று பூ பார்த்தவள் நான். அந்த மூன்று பூவுக்கு நான் பட்ட பாட்டையும், அதனால் தெரிந்து கொண்டதையும் சொன்னால், தொட்டியில் செடி வைக்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது நீலகிரியில். அப்பாவுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வாசலில் அம்மா ஒரு வரிசை முழுக்க சாஸ்தா டெய்சி போட்டிருந்தார். முழங்கால் உயரத்துக்குக் காம்பு, நுனியில் உள்ளங்கை அகலத்துக்குத் தூய வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. ஏப்ரல், மே மாதங்களில் வாசலே பளிச்சென்று இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பனி மூட்டத்தில் வீட்டு நம்பர் தெரியாது, ஆனால் அந்த வெள்ளை வரிசை தெரியும்!

கல்யாணமாகி மேற்குத் தாம்பரத்துக்கு வந்த பிறகு எனக்கு டெய்சி மறந்தே போய் விட்டது. 2019-ல் அப்பா காலமானார். குன்னூர் பக்கத்தில் இருந்த சின்ன வீட்டைக் காலி செய்து, ஆவணி மாதம் அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன்.

வந்தவர் கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து விட்டார். சாப்பாடு குருவி கொத்துகிற மாதிரிதான். "என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாங் கண்ணு" என்பார். காரியத்துக்கு வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, "இனிமே நீ பூப் பக்கம் போகாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை அம்மா அப்படியே பிடித்துக் கொண்டார். வெள்ளிக்கிழமை நான் பூக் கட்ட உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய் விடுவார். நாற்பது வருஷம் தோட்டம் போட்ட கை அது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

டெய்சி தலையில் வைக்கிற பூ இல்லை. வாசனை கிடையாது, அம்மா அதைச் சாமிக்கும் போட்டதில்லை. சும்மா கண்ணால் பார்க்கிற பூ. இதற்கு யார் தடை சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியது. குன்னூர் வீட்டைக் காலி செய்தபோது நாலு டெய்சித் தூரை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, நீலகிரி எக்ஸ்பிரஸில் கொண்டு வந்திருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லாமல் காம்பவுண்டு சுவர் ஓரம் நட்டேன்.

முதல் தோல்வி

எங்கள் தெருவில் மண் சரளை கலந்த செம்மண். ஒரு அடிக்குக் கீழே கடப்பாரை போட்டால்தான் இறங்கும். நான் மண்வெட்டியால் மேலாகக் கொத்திவிட்டு நட்டு விட்டேன். ஐப்பசி மழை பிடித்துக் கொண்டது. கீழே தண்ணீர் வடிய வழியில்லை. பத்தே நாளில் இலையெல்லாம் கறுத்து, தூர் கொழகொழவென்று அழுகிப் போயிற்று. டெய்சிக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் ஆகாது. மலையில் எவ்வளவு மழை கொட்டினாலும் சரிவில் ஓடி விடும் அல்லவா? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது தோல்வி

2020 பொங்கலுக்கு நர்சரியில் ஒரு தொட்டி டெய்சி கிடைத்தது. கூடவே, பொங்கலுக்கு விற்கிற வெள்ளைச் சாமந்தித் தொட்டி ஒன்றும் வாங்கினேன். டெய்சியில் இருந்த ஒரே ஒரு பூ வாடிய பிறகு மொட்டே விடவில்லை. பங்குனியில் இலை சுருங்க ஆரம்பித்தது. ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். வெயிலுக்குப் பயந்து காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு என்று ஊற்றிக் கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏங் கண்ணு, உச்சி வெயில்லே இப்படியா தண்ணி ஊத்துவாங்க? வேரு வெந்து போகாதா?"

திரும்பிப் பார்த்தால் அம்மா! புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் கொண்டு வாசல் படி இறங்கி வந்து விட்டார். வந்து எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். "இது போச்சு. விட்டுடு. அந்தச் சாமந்தியையாவது காப்பாத்துவோம்" என்றார்.

செத்த செடிக்காக நான் அன்றைக்கு வருத்தப்படவே இல்லை!

ஏன் இங்கே வரவில்லை?

என் பெண் தேடிப் படித்துச் சொன்னாள். சாஸ்தா டெய்சி இயற்கையாகக் காட்டில் முளைத்தது இல்லையாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலே லூதர் பர்பாங்க் என்ற செடி வித்தகர் உண்டாக்கியது. ஐரோப்பிய டெய்சி வகைகளை ஒன்றோடொன்று சேர்த்தும், வெண்மை கூடுவதற்காகக் கடைசியில் ஜப்பான் டெய்சியைச் சேர்த்தும், 17 வருஷம் பாடுபட்டு 1901-ல் வெளியிட்டாராம். பனி மூடிய சாஸ்தா மலையின் பெயரை அதற்கு வைத்தார். பரமஹம்ச யோகானந்தர் 1946-ல் வெளியான தம்முடைய 'ஒரு யோகியின் சுயசரிதை'யைச் சமர்ப்பித்திருப்பது இந்த பர்பாங்கின் நினைவுக்குத்தான்.

பனிமலையின் பெயர் வைத்த செடிக்குத் தாம்பரம் எப்படி ஒத்துக் கொள்ளும்? குன்னூர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். இன்னொரு சூட்சுமமும் உண்டு. டெய்சி நன்றாகப் பூக்க முதலில் குளிர் வேண்டும், அப்புறம் நீண்ட பகல் வேண்டும். நமக்குப் பகல் நீளுவது வைகாசி, ஆனியில். அப்போதுதான் வெயில் மண்டையைப் பிளக்கிறது. குளிரும் நீண்ட பகலும் சேர்ந்து இங்கே கிடைப்பதில்லை.

சாமந்தி இதற்கு நேர் எதிர். இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். அதனால்தான் மார்கழி, தையில் நம் ஊரில் பூத்துக் குலுங்குகிறது. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான். சூரியகாந்தி, ஜினியா, துலுக்கச் சாமந்தி, ஏன், தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிற கரிசலாங்கண்ணியும்கூட அந்தக் குடும்பமே. நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் ஒரு பூ இல்லையாம். சுற்றியுள்ள ஒவ்வொரு இதழும் தனிப் பூ. நடு மஞ்சளில் நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள்.

இதைக் கேட்டதும் அம்மா பக்கத்துக் காலி மனையைக் காட்டினார். தரையோடு படர்ந்த வெட்டுக்காயப் பூண்டு. நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை. "இதுவும் டெய்சிதான், குட்டி டெய்சி" என்றார். தினம் மிதித்துக் கொண்டு போன செடி, எனக்குத் தெரியவில்லை!

சாமந்தி செய்த உபகாரம்

அந்தப் பொங்கல் சாமந்தியை அம்மா கையில் எடுத்துக் கொண்டார். பூத்து முடிந்த தண்டுகளைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டினார். கோடை முழுக்கக் கிணற்றடி நிழலில் வைத்தார். பக்கக் கன்றுகள் கிளம்பின. ஆடியில் அவற்றை வேரோடு பிரித்து ஒன்பது தொட்டிகளில் வைத்தார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

மண்: செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொட்டி ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று கவிழ்த்து வைக்க வேண்டும்.

நுனி கிள்ளுதல்: நட்டு நாலு வாரம் கழித்து நுனியைக் கிள்ளி விட வேண்டும். மனசு வராதுதான். ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துப் பூ அதிகமாகும்.

தண்ணீர்: விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும், காலை வேளையில், செடியின் காலடியில் ஊற்ற வேண்டும். இலையை நனைக்கக் கூடாது.

வெளிச்சம்: பகலில் நல்ல வெயில் வேண்டும். ராத்திரியில் போர்ட்டிகோ விளக்கோ தெரு விளக்கோ படக் கூடாது. விளக்கு வெளிச்சம் பட்டால் பகல் என்று நினைத்து மொட்டு வைக்கத் தாமதிக்கும்.

பூச்சி: அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் கலக்கிச் சாயந்திரம் தெளிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் குடும்பத்துச் செடிகளின் சாறு சிலருக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். அம்மாவுக்கு வந்தது. அப்புறம் பழைய கையுறை போட்டுக் கொண்டுதான் வேலை செய்வார். காலி மனைகளில் முளைக்கும் பார்த்தீனியமும் இதே வகைதான், ரொம்பப் பொல்லாதது. கைக்குழந்தைகளை அதன் கிட்டே விடாதீர்கள்.

மூன்றே மூன்று பூ

எனக்கு டெய்சி ஆசை விடவில்லை. விதைத்த வருஷமே பூக்கும் குட்டை ரக விதை கிடைத்தது. "இதை வருஷம் முழுக்க வச்சுக்கணும்னு நினைக்காதே. குளிர் காலத்துக்கு வந்துட்டுப் போற விருந்தாளின்னு நினைச்சுக்கோ" என்றார் அம்மா. அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டியது.

புரட்டாசி கடைசியில் பழைய தட்டில் விதையைத் தூவி, மேலே லேசாக மண் தூவினோம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் போர்ட்டிகோவில் மழை படாமல், ஆனால் வெளிச்சம் படும்படி வைத்தோம். நாலைந்து இலை வந்ததும் ஒரு தொட்டிக்கு ஒரு கன்று. கார்த்திகைக் கடைசியில் வெயிலுக்கு நகர்த்தினோம். மார்கழி, தையில் ராத்திரி வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்குகிறதே, அதுதான் அதற்கு நல்ல காலம். பன்னிரண்டு கன்றில் ஐந்து தப்பித்தன. பங்குனி பிறக்கிற சமயம், 2021 மார்ச்சில், இரண்டு செடியில் மூன்று பூ.

குன்னூர்ப் பூவில் பாதி அளவுகூட இல்லை. அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். "இளைச்சுப் போச்சு பாவம்" என்றார். ஆனால் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கமாகவே போய் வந்தார். வாடுவதற்கு முன்னால் மூன்றையும் கத்தரித்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு அப்பா படத்துக்குக் கீழே வைத்தார். தினம் தண்ணீர் மாற்றியதில் ஒரு வாரம் இருந்தது. சித்திரையில் செடி போய் விட்டது. வருத்தப்படவில்லை. விருந்தாளிதானே!

உள்ளபடி சொன்னால், எங்கள் வீட்டுக்கு உயிர் கொடுத்தது டெய்சி இல்லை, சாமந்திதான். அதற்கு முந்தின மார்கழியில் ஒன்பது தொட்டியும் வெள்ளை வெளேரென்று பூத்தன. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி, "பூஜைக்குக் கொஞ்சம் பூ தருவீங்களா அக்கா?" என்று கேட்டு வந்தாள். அம்மா பறித்துக் கூடையில் வைத்திருந்தார். ஆனால் கொடுக்கக் கை நீளவில்லை. "நீ எடுத்துக் குடு கண்ணு" என்று என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் இடுப்புக் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "நீங்க வளர்த்த பூ பாட்டி. நீங்களே குடுங்க."

அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் கூடையோடு கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் ரசம் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பூவை வைத்துக் கொள்ளாதே என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கலாம். வளர்க்காதே என்று சொல்ல எவருக்கும் வாய் கிடையாது. உங்கள் வீட்டிலும் கூடத்து நாற்காலியில் அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால், ஒரு தொட்டியும் ஒரு கன்றும் வாங்கிக் கிட்டே வையுங்கள். முடிந்தால் தப்பும் தவறுமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பார்த்துக் கொண்டு அவர்களால் சும்மா இருக்க முடியாது!