கைமாறிச் செல்லும் இலக்கத் தகடு



பதிவுத் தபாலொன்றை அஞ்சலகத்தில் ஒப்படைக்குமிடத்து அதற்கு ஓர் இலக்கம் இடப்படுகின்றது. அது கைமாறும் இடந்தோறும் அவ்விலக்கம் பதிவேட்டில் ஏறுகின்றது. கடிதம் தான் வந்த வழியைச் சொல்லாது, பதிவேடே சொல்லும். சம்பளம் பெறும் தபாற்காரர் எவருமின்றி, முன்பின் அறியாத மாந்தரின் கைகள் வழியாகவே நாடுவிட்டு நாடு செல்லும் பொருளொன்றும் இம்முறையில் இயங்குகின்றது. அதனைப் பற்றியே இன்று கூற விழைகின்றேன்.

செய்மதிகள் அனுப்பும் திசைகாட்டும் சமிக்ஞைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3ஆம் நாள், ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகாஷிங் எனப்படும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. பெட்டியைக் கண்டவர் உள்ளிருக்கும் ஏட்டில் ஒப்பமிடுவார். ஒரு பொருளை எடுத்தால் வேறொன்றை வைப்பார்.

இதன் கிளையே 'ட்ரவல் பக்' என்னும் பயணப் பொருள். படைவீரர் கழுத்தில் அணியும் தகட்டை ஒத்த உலோகத் தகட்டில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். உரிமையாளர் அதனை ஒரு பொம்மையிலோ சாவிக் கோவையிலோ கோத்து, "கடலோரங்களைக் காண வேண்டும்" என்பது போன்ற ஒரு குறிக்கோளையும் எழுதிப் பெட்டியொன்றில் வைப்பார். கண்டெடுப்பவர் அதனைத் தம்முடையதாக்கிக்கொள்ளல் ஆகாது. இலக்கத்தை இணையத்திற் பதிந்து, அடுத்த பெட்டியில் சேர்ப்பதே அவர் கடன்.

இத்தகட்டினுள் ஏதோ கருவி இருப்பதாகப் பலர் எண்ணுவர். அவ்வாறு எதுவுமில்லை. மாரிகாலத்தில் நம் வாவிக்கு வரும் பறவைகளுள் சிலவற்றின் காலில் காணப்படும் வளையத்தின் தம்பி என இதனைக் கூறலாம். டென்மார்க்கில் 1899இல் மோர்டென்சன் என்பவர் பறவைகளுக்கு இலக்கமிட்ட வளையங்களை முறையாகப் பூட்டத் தொடங்கினார். (அவரும் ஒரு பள்ளி ஆசிரியரே என்பதில் எனக்குச் சிறிது பெருமையுண்டு.) வளையமாயினும் தகடாயினும், கண்டவர் எழுதினாலன்றிச் செய்தி வாராது. தூரக் கணக்கும் அத்தகையதே. மட்டக்களப்பிலிருந்து புகையிரதத்தில் கொழும்புக்குச் செல்லும் தகடு பொலன்னறுவை, மாகோ வழியாக 300 கிலோமீட்டருக்கு மேற் சுற்றினும், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட நேர்க்கோடாகிய ஏறத்தாழ 220 கிலோமீட்டர் மட்டுமே ஏட்டில் ஏறும்.

தகட்டின் இலக்கத்தைப் படம்பிடித்து ஊரறியக் காட்டுதல் தவறு. தகட்டைத் தொடாதவரும் அதைக்கொண்டு பொய்ப்பதிவு செய்துவிடலாம். விலக்கொன்று உண்டு. 2021 பெப்ரவரி 18ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பெர்சவெரன்ஸ் ஊர்தியின் கருவிச் சோதனைத் தட்டில் அத்தகைய இலக்கமொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதனை எடுத்துச் செல்வார் இல்லை. படத்திற் படித்தவர் 'கண்டேன்' எனப் பதியலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி, பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடிப் பாலம் என இவ்விளையாட்டுக்கு ஏற்ற இடங்கள் நம்மிடம் நிறைய உள. மாணவர்க்கு ஆவல் எழுவது இயல்பே. ஆயினும், பாலத்தடியில் மூடிய பெட்டியொன்றை வைத்தல் எல்லா ஊர்களிலும் ஒரே பொருளைத் தருவதன்று. இங்கிலாந்தின் வெதர்பி என்னும் அமைதியான ஊரிலேயே, 2011இல் இத்தகைய பெட்டியொன்றைக் குண்டென ஐயுற்றுப் படையினர் வெடிக்கச்செய்து அழித்தனர். நம் மாவட்டமோ கண்ணிவெடி அற்றதென 2017இலேயே அறிவிக்கப்பட்டது. அதன்பின் 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்ததை நாம் எவரும் மறந்திலோம். கிடக்கும் பொருளைத் தொடாதே எனச் சொல்லி ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோம். அதே பிள்ளைகளிடம், கிடக்கும் பெட்டியைத் திற என்று எளிதிற் சொல்லிவிட முடியாது.

ஆகவே, காணியின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, பொலிசாருக்கும் அறிவித்து, உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் போத்தலைப் போன்ற பெட்டியில், வெளியே பெயர் எழுதி, பொறுப்பாளர் உள்ள இடத்தில் வைத்தலே தக்கது என்பது என் துணிபு. நூலக வாயிலோ பாடசாலை மதிலோ போதும். கண்டற் காடு வேண்டா. அங்கு மாரி வெள்ளம் வந்தால் ஏடும் மிஞ்சாது. பிள்ளைகளின் பெயர், முகவரி எதுவும் தகட்டுடன் செல்லலாகாது.

இவ்வளவும் செய்தபின்னும் தகடு தொலையக்கூடும். எடுத்தவர் மறந்துவிடுவார், அல்லது பொம்மையின் அழகில் மயங்கிவிடுவார். உரிமையாளரின் பக்கத்தில், கடைசியாகக் கண்ட பெட்டியின் பெயர் மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும். இதனை எதிர்பார்த்தே தகடுகளை இரண்டிரண்டாக விற்கின்றனர். வீட்டில் வைத்திருக்கும் இரண்டாவது தகட்டை வேறொரு பொம்மையிற் கோத்து மீண்டும் அனுப்பலாம். இலக்கம் ஒன்றேயாதலால், முன்னது நடந்த தூரத்திலிருந்தே கணக்குத் தொடரும்.