முதலில் எதைப் படிப்பது?

காமிக்ஸ் ரசிகர் இருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள், பொழுது சாய்ந்துவிடும்!

தலை நரைத்தவர் தயங்காமல் சொல்வது 'இரும்புக்கை மாயாவி'. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த கதை. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பிரிட்டிஷ் கதையென்று அன்று எந்தச் சிறுவனுக்குத் தெரியும்? நம்மூர் மாயாவி என்றே நம்பினான்!

இளையவரோ இத்தாலிய டெக்ஸ் வில்லரை விட்டுக்கொடுக்க மாட்டார். குதிரையும் துப்பாக்கியும் இல்லாத கதை அவருக்குக் கதையே அல்ல.

பெரியவரிடம் சிபாரிசு தாராளம், இரவல்தான் கிடையாது. பள்ளிநாளில் சேர்த்ததையெல்லாம் வீட்டார் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அதே இதழ்களைப் பிற்பாடு பன்மடங்கு விலை கொடுத்து ஒவ்வொன்றாய்த் தேடி வாங்கியவர் அவர்.