சந்தை கழித்தது, சட்டி சேர்த்தது

மார்கழி மழை தூறும் அதிகாலையில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குள் நடந்தால் முதலில் காலில் படுவது கோவா இலை. நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வந்த லொறிகளிலிருந்து நாட்டாமைகள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் யாராவது குந்தியிருந்து கோவாவின் வெளி இலைகளை உரிப்பார்கள். லீக்ஸின் பச்சை நுனிகளை வெட்டுவார்கள். வெடித்த தக்காளிகளைத் தனியே ஒதுக்குவார்கள். விடியும்போது அந்தக் கழிவு ஒரு குன்றாகக் குவிந்திருக்கும்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வீதியும் அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை போகும் வீதியும் சந்திக்கும் ஊர் தம்புள்ளை. 1999இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தையின் விலையைக் கேட்டுத்தான் நாட்டின் பல கடைகளில் மரக்கறி விலை எழுதப்படுகிறது. இங்கே பொருளை மதிப்பிடுவது கண். பளபளப்பும் விறைப்பும் நல்ல உருவமும் இருந்தால் விலை உண்டு; அவை போனால் குப்பை. உடம்பின் கணக்கு வேறு. வளைந்த கரட்டுக்கும் நேரான கரட்டுக்கும் அது ஒரே பெறுமதிதான் கொடுக்கும். தோற்றத்தை அறவே கேட்காத சமையல் ஒன்று இருக்கிறது என்றால் அது சூப். குளிரும் மழையும் சேர்ந்து வரும் இந்த மாதங்களில் அடுப்பில் ஏறும் சூப் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், சந்தை கழித்துவிட்டதில் எவ்வளவு உணவு மிஞ்சியிருக்கிறது என்பதும் தெரியும்.

வாடுவது ஏன்?

பறித்த பின்னும் மரக்கறி உயிரோடுதான் இருக்கிறது. ஒட்சிசனை எடுத்து, சேமித்த சர்க்கரையை எரித்து, வெப்பத்தையும் நீராவியையும் வெளியே விடுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இந்தச் சுவாசத்தின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. தம்புள்ளையில் அது 27 பாகை அளவில் இருக்கும். மலையில் பிடுங்கிய லீக்ஸ் ஓர் இரவுப் பயணத்தில் இந்த வித்தியாசத்தைக் கடக்கிறது. மூட்டைக்குள் அமுங்கிய நிலையில் கடக்கும்போது நசிவும் சேர்ந்துகொள்கிறது. இலங்கையில் விளையும் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 வீதம் உண்பவரின் கைக்கு வருமுன்னரே வீணாகிறது என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. இந்திய உதவியுடன் தம்புள்ளையில் கட்டப்பட்ட 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவுள்ள குளிர்க் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டதற்குக் காரணம் இந்த இழப்புத்தான்.

வாடிய மரக்கறி இழந்தது பெரும்பாலும் தண்ணீரை. உயிர்ச்சத்து சி ஓரளவு குறைந்திருக்கும். நார்ச்சத்தும் தாதுக்களும் அப்படியே இருக்கும். இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைத்தான் சூப் சட்டி செய்கிறது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

உலர் வலயத்தில் கிணற்றுத் தண்ணீரில் சமைப்பவர்களுக்கு ஒரு தொல்லை பழக்கமானது. பருப்பு வேக நேரம் எடுக்கும். கரட் வெந்த மாதிரி இருக்கும், கடித்தால் நறுக்கென்னும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பில் அதற்கான விடை இருக்கிறது. தாவர உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசையின் பெயர் பெக்டின். வன்னீரிலுள்ள கல்சியம் பெக்டின் இழைகளுக்கு இடையில் பாலம் போட்டு அந்தப் பசையை மேலும் இறுக்கிவிடுகிறது. இறுகிய பெக்டின் எளிதில் கரையாது.

இதற்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், வன்மையில் ஒரு பகுதி கல்சியம் காபனேற்றாக அடியில் படியும். தெளிந்த மேல் நீரை மட்டும் ஊற்றிச் சூப் வையுங்கள். பருப்பு குழைவதில் வித்தியாசம் தெரியும்.

எது முன்னே, எது பின்னே

எல்லாவற்றையும் வெட்டி ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுவதுதான் சூப் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வைத்த சூப்பில் கோவா நாறும், கரட் வேகாது, கீரை கறுக்கும். சட்டிக்குள் இறங்கும் வரிசைக்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் வெங்காயம். தம்புள்ளை, கலேவெல, சீகிரியா வயல்களில் பெரிய வெங்காயம் பேர்போன பயிர். வெங்காயத்தை வெட்டும்போது கண்ணை எரிக்கும் அதே கந்தக வேதியியல், மெல்லிய தீயில் வதங்கும்போது வேறு சேர்மங்களை உண்டாக்குகிறது. அவற்றுள் ஒன்றுக்கு இறைச்சிச் சாற்றின் மணம். இறைச்சியே போடாத சூப்புக்கு ஆழமான வாசனை வருவது இப்படித்தான். அவசரப்படாமல், பொன்னிறம் வரும்வரை பொறுத்திருந்தால் போதும்.

அடுத்தது கரட், பூசணி, உருளைக்கிழங்கு. பெக்டின் உடைந்து மரக்கறி மெதுமையாவதற்கு 80 பாகைக்கு மேல் சூடு வேண்டும். கரட்டின் பீட்டா கரோட்டின் உயிரணுச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் பொருள். பச்சையாகக் கடித்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறும். வெந்து சுவர் உடைந்து, கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப் பாலோ கூடச் சேர்ந்தால்தான் குடல் அதை உறிஞ்சும்.

புளிப்பு பிறகுதான். அமிலம் பெக்டினை உடையவிடாமல் தடுப்பதால், தக்காளியை முதலிலேயே கொட்டினால் கரட் வேக நேரம் எடுக்கும். தேங்காய்ப் பால் கடைசியில், மெல்லிய சூட்டில். அதன் புரதங்கள் 80 பாகை அளவில் திரளத் தொடங்கும். சொதியைத் தளதளவென்று கொதிக்கவிடாமல், அடுப்பிலிருந்து இறக்கித் தேசிக்காய்ப் புளி விடும் நம் வீட்டுப் பழக்கம் இந்த வேதியியலை அறிந்தே நடப்பதுபோல் இருக்கிறது.

கோவா இன்னும் பிந்தி. வேகும் நேரம் கூடக் கூட அதிலிருந்து ஐதரசன் சல்பைட்டு, அதாவது அழுகிய முட்டை மணம், கூடுதலாகக் கிளம்பும். ஐந்தாறு நிமிடம் போதும். சந்தையில் உரித்துப் போடும் பச்சை வெளி இலைகளில்தான் உள்ளே இருக்கும் வெளிறிய இலைகளைவிடக் கரோட்டின் அதிகம். லீக்ஸின் பச்சை நுனிக்கும் அதே கதை. நன்றாகக் கழுவி, பொடியாக அரிந்து போட்டால் கடினம் தெரியாது. வல்லாரையோ முருங்கைக் கீரையோ இருந்தால் அடுப்பை அணைக்கும் நேரத்தில் தூவினால் நிறம் மாறாது. உயிர்ச்சத்து சி நீரில் கரையும். கரைந்து வெளியே வந்ததையும் சேர்த்தே குடிப்பதால், அவித்து நீரை வடித்துக் கொட்டுவதைவிடச் சூப்பில் இழப்புக் குறைவு.

கனிந்ததில்தான் சுவை

சந்தையில் முதலில் தோற்றுப்போவது தக்காளி. கனிந்து வெடித்தால் யாரும் தொடமாட்டார்கள். விலை விழும் பருவத்தில் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஏனென்றால் சூப்புக்கு ஏற்றது அந்தத் தக்காளிதான்.

1908இல் தோக்கியோவில் கிக்குனே இக்கேடா என்ற வேதியியலாளர், கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட்டு என்று கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். தக்காளி கனியக் கனிய அதிலுள்ள குளூட்டமேட்டு பல மடங்கு கூடுகிறது. அதுவும் சதையைவிட விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான பகுதியில் அதிகம். விதையை வழித்தெறிந்துவிட்டுச் சமைப்பவர்கள் சுவையை எறிகிறார்கள்.

இக்கேடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913இல் இன்னொன்றைக் கண்டார். புகையிட்டு உலர்த்திய சூரை மீனின் சுவைக்குக் காரணம் இனோசினேட்டு. இது குளூட்டமேட்டோடு சேரும்போது சுவை கூட்டலாக வராது, பெருக்கலாக வரும். நம் சமையலறையில் மாசி என்று டப்பாவில் இருப்பதும் அதே இனத்து மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்ததுதான். கனிந்த தக்காளிச் சூப்பில் ஒரு சிட்டிகை மாசித்தூள் போட்டால், ஜப்பானியர்கள் ஆய்வுகூடத்தில் கண்டது நம் நாக்கில் நடக்கும். சைவச் சமையல் என்றால் உலர்ந்த காளான் அதே வேலையைச் செய்யும்.

ஒரு கிண்ணம் தரும் சூடு

குளிருக்குச் சூப் குடித்தால் உடம்பு சூடாகும் என்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 பாகையில் உள்ள 300 மில்லிலீற்றர் சூப், உடம்பின் 37 பாகைக்கு இறங்கும்போது சுமார் 29 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். அது 7 கலோரிதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு அந்த அளவு வெப்பத்தை ஆறே நிமிடத்தில் தானாக உற்பத்தி செய்துவிடும்.

ஆனாலும் அந்த இதம் பொய்யில்லை. நம் வாயிலும் தோலிலும் 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயில்கள் இருக்கின்றன. மிளகாயின் காரமும் சூடும் ஒரே வாயிலைத் தட்டுகின்றன என்று 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு காட்டியது. அந்த ஆய்வுக்காக அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பிப்பரினும் இஞ்சியின் காரமும் அதே வாயிலைத் திறக்கின்றன. மிளகு விளையும் மாத்தளை மாவட்டத்தில் இருந்துகொண்டு சூப்பில் மிளகைக் கடைசியாகப் பொடித்துத் தூவுவது, மூளைக்குச் சூட்டை இரண்டு வழியாகச் சொல்லியனுப்புவது போல. அதற்காகக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம். 65 பாகைக்கு மேற்பட்ட பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது. ஊதி ஆற்றிக் குடிப்பதுதான் சரி.

நேற்றைய சோறும் பருப்பும்

மிஞ்சிய சோறு சூப்பைக் கெட்டியாக்கும். சோற்று மாவுப்பொருள் சுடுநீரில் மீண்டும் இளகி நீரைப் பிடித்துக்கொள்வதால் சோளமாவு தேவைப்படாது. பருப்புக் கறி கொஞ்சம் மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. மிச்சத்தில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் புதிதாக உப்புப் போடுமுன் ஒரு கரண்டி சுவைத்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்திகள் சமைத்த பின்னும் உயிரோடு இருக்கும். சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு கொதியில் அழியாது. ஆகவே ‘நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போன சோறும் கறியும்தான் மறுநாள் சூப்புக்குத் தகுதியானவை.

சூப்புக்கும் அதே விதி. கெட்டியான சூப் பெரிய சட்டியில் மெதுவாகத்தான் ஆறும்; ஆழம் இரட்டித்தால் ஆற எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 60 பாகைக்கும் 5 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. எனவே மிஞ்சியதை அகலமான பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, பிறகு உள்ளே வையுங்கள். எடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதும் இல்லை. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கில் கூடியிருக்கும் சோலனின் நஞ்சு கொதித்தாலும் போகாது. பூஞ்சணம் பிடித்த தக்காளியில் பூஞ்சணத்தை மட்டும் வெட்டியெறிவதால் பயனில்லை. ஈரமான சதைக்குள் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். வாடியது, வளைந்தது, கனிந்தது, வெடித்தது சட்டிக்கு. அழுகியதும் பூஞ்சணம் பிடித்ததும் எருக்குழிக்கு. வீட்டில் மிச்சத்தைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பிரிப்பு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

2022இல் பொருளாதாரம் சரிந்தபோது இந்த நாட்டில் 63 லட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்று ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் கணக்கிட்டன. 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் 2,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்குக் கால் கிலோ வாங்கியவர்கள் கரட்டின் தோலையும் எறியவில்லை. தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த பழக்கத்தை, விலை இறங்கியதும் நாம் கைவிட்டுவிட வேண்டாம். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் கனிந்த தக்காளிக் கூடையை எட்டிப் பாருங்கள். வெடிக்காமல் பளபளக்கும் தக்காளி சலாதுக்கு இருக்கட்டும். மழை நேரத்துச் சட்டி கேட்பது அந்த ஓரத்துக் கூடையைத்தான்.