கணக்கு வராதா, கேள்வி புரியவில்லையா?

மூணாறு எஸ்டேட் லயங்களிலும் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படிக்கலாம். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தோடு நின்றுபோன எல்லையோரத் தமிழர் பகுதிகள் இவை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்தால் பாடநூல் ஆங்கிலம். ஆசிரியரின் விளக்கத்தில் மலையாளம். விசை, முடுக்கம் என்று படித்து வந்த பிள்ளை முதல் தேர்வுத்தாள் கைக்கு வந்ததும் சொல்லிவிடுகிறது: "எனக்குக் கணக்கு வராது."

வராதது கணக்குதானா?

தன்னைப் பற்றிய எண்ணத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1995 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாடுகளில் நடக்கும் 'டிம்ஸ்' கணித, அறிவியல் ஆய்வில் ஜப்பான், கொரிய மாணவர்கள் மதிப்பெண்ணில் முன்வரிசை, தன்னம்பிக்கையில் பின்வரிசை. ஆனால் ஏறக்குறைய எந்த ஒரு நாட்டுக்குள் பார்த்தாலும், தனக்கு வரும் என்று நம்புகிற பிள்ளையே அதிகம் எடுக்கிறது. மதிப்பெண் நம்பிக்கையை வளர்க்கிறது, நம்பிக்கை அடுத்த மதிப்பெண்ணை வளர்க்கிறது.

அந்த நம்பிக்கை பக்கத்து பெஞ்சைப் பார்த்து அளக்கப்படுவது. ஒரே திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னை மட்டமாக எண்ணுகிறார் என்று கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலேயே எழுதினார். சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்தது பெரிய குளத்துக்குப் போனதும் சுருங்கிவிடுகிறது. எல்லைப் பிள்ளைக்குக் குளம் மாறும்போது தண்ணீரும் மாறுகிறது. மொழியால் வந்த தடுமாற்றத்தை அது தன் மூளையின் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தும் பிள்ளை தன்னை அளக்க முடியாது: கேரளத்தில் 2024-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 சதவீதம். எல்லாரும் பாஸ் என்றால் பாஸ் ஒரு பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், அதாவது 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கியவரின் ஃப்ளெக்ஸ் பேனர்தான் சொல்கிறது. எட்டாம் வகுப்பிலோ எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீத மதிப்பெண் கட்டாயம் என்று 2024-25-இல் கொண்டுவந்தார்கள். யாருக்கு எது வரவில்லை என்பது முன்கூட்டியே தெரிய அது உதவலாம், மொழிச் சிக்கலைப் பிரித்துப் பார்த்தால்.

"உன்னால் முடியும்" வகுப்புகளில் எனக்கு நம்பிக்கையில்லை. கைதட்டி முடித்து வீட்டுக்குப் போன பிறகும் 'வெலாசிட்டி' என்றால் என்னவென்று தெரியாமலே இருக்கும். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் தமிழ்க் கலைச்சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அருகருகே உள்ள ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, தெரிந்த பாடத்தையே புது மொழியில் ஒருமுறை நடத்தலாம். முதல் தேர்வில் தோற்றவரிடம் அதே கேள்வியைத் தமிழில் வாய்மொழியாகக் கேட்டும் பார்க்கலாம். சரியான விடை வந்தால், அந்தப் பிள்ளைக்குத் தேவை டியூஷன் அல்ல.