பாப்கார்ன்: வயிறு நிறையும், கலோரி குறையும்

மக்காச்சோளம் ஒரே பயிர்தான் என்றாலும் அதில் வகைகள் பல. கதிரை வேகவைத்துத் தின்னும் இனிப்புச்சோளம் ஒன்று. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் விளைந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகும் சோளம் இன்னொன்று. அந்தத் தீவனச் சோளத்தைச் சட்டியில் போட்டு எவ்வளவு நேரம் வறுத்தாலும் கருகுமே தவிர மல்லிகைப் பூப்போல விரியாது. விரிவதற்கென்றே அமைந்தது, தாவரவியலில் எவர்ட்டா என்று குறிக்கப்படும் சிறுமணி வகை. அதன் மேல்தோல் கெட்டி. உள்ளிருக்கும் மாவுப்பகுதி கண்ணாடிபோல் இறுகியது. அதற்குள் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் உண்டு. பாப்கார்ன் உருவாவது இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால்தான்.

மணி சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடக்கிறது. மணி ஒவ்வொன்றும் ஒரு குட்டி பிரஷர் குக்கர் ஆகிறது. நீராவியின் சூட்டில் இறுகிய மாவு குழைந்து கூழாகிறது. 180 டிகிரியை நெருங்கும்போது உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கை எட்டுகிறது. தோல் அதற்குமேல் தாங்காமல் கிழிகிறது. அழுத்தம் சட்டென்று விழ, நீராவி விரிந்து கூழை நுரையாக ஊதித் தள்ளுகிறது. அந்த நுரை காற்றில் பட்டுக் குளிர்ந்து உறைவதுதான் கையில் எடுக்கும் வெள்ளைப் பொரி. பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் இதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். 170 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு மணிகளே பொரிந்தன. 180 டிகிரியில் அநேகமாக எல்லாமே பொரிந்துவிட்டன. ‘பட்’ என்ற ஓசை எழுவது தோல் கிழிவதால் அல்ல, நீராவி விடுபடுவதால் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும் பொரியாத மணிகளுக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. தோலில் மெல்லிய கீறல் இருந்தால் நீராவி கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. மணி காய்ந்துபோயிருந்தாலும் இதே கதிதான். திறந்த பொட்டலத்தில் மாதக்கணக்கில் கிடந்த சோளம் சரியாகப் பொரியாதது இதனால்தான். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஈரம் காக்கப்படும்.

மனிதர் இதைப் பொரித்துத் தின்பது இன்று நேற்றல்ல. பெரு நாட்டின் வடகடற்கரையில் பரெடோனெஸ், ஹுவாக்கா பிரியெட்டா ஆகிய இடங்களில் கிடைத்த சோளத் தடயங்களை 2012இல் ஆராய்ந்தபோது, அங்கிருந்தோர் 6,700 ஆண்டுகளுக்கு முன்பே சோளத்தைப் பொரித்து உண்டது தெரியவந்தது. மண்பாண்டம் அந்தப் பகுதிக்கு வந்துசேர்வதற்கும் முந்தைய காலம் அது.

எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கலோரியைத்தான். பாப்கார்ன் விஷயத்தில் பலர் தடுமாறுவதும் அங்கேதான். எண்ணெய் இல்லாமல் சூடான காற்றில் பொரித்த பாப்கார்ன் 100 கிராமில் சுமார் 387 கலோரி இருக்கிறது. அரிசியும் கோதுமையும் இதிலிருந்து அதிகம் விலகியவை அல்ல. எடையை வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் குறைந்த கலோரி உணவு இல்லை. ஆனால் 100 கிராம் பாப்கார்னை ஒரே தடவையில் யாரும் தின்பதில்லை, ஏனென்றால் அது பன்னிரண்டு கப். ஒரு கப்பின் எடை 8 கிராம்தான். அதில் இருப்பது 31 கலோரி. மாலை நேரத்துக்கு மூன்று கப் எடுத்துக்கொண்டாலும் 93 கலோரியைத் தாண்டாது. இதற்கு எதிரே உருளைக்கிழங்கு சிப்ஸை வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் 30 கிராம் சிப்ஸிலேயே 160 கலோரி வந்துவிடுகிறது, அதில் 10 கிராம் கொழுப்பும் உண்டு. எண்ணெயில் பொரித்த முறுக்கும் மிக்சரும் சிப்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவையே. பாப்கார்னின் பலம் அதனுள் அடைபட்ட காற்று. கண்ணுக்கும் வாய்க்கும் வயிற்றுக்கும் நிறையத் தின்ற நிறைவு கிடைக்கிறது. உள்ளே போன மாவோ கொஞ்சம்தான்.

இந்த நிறைவு வெறும் தோற்றமா என்பதைச் சோதித்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. சராசரி உடல் எடை கொண்ட 35 பேருக்கு வெவ்வேறு நாட்களில் ஒரு கப் பாப்கார்ன், ஆறு கப் பாப்கார்ன், ஒரு கப் சிப்ஸ் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து உணவு பரிமாறினார்கள். அவர்கள் கொடுத்த பாப்கார்ன் மேலே சொன்னதைவிட லேசானது: ஆறு கப்பில் 100 கலோரி, ஒரு கப் சிப்ஸில் 150. பசி அதிகம் அடங்கியது ஆறு கப் பாப்கார்ன் தின்றபோதுதான். தீனியையும் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்தால் சிப்ஸ் நாளிலேயே கலோரி கூடுதல். இது சிறிய ஆய்வு, ஒரு வேளைப் பசியை மட்டும் அளந்தது. பாப்கார்ன் தின்றால் எடை இறங்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. நொறுக்குத்தீனியை விட முடியாதவருக்கு எது மேல் என்ற கேள்விக்கு மட்டும் இது தெளிவாகப் பதில் சொல்கிறது.

பாப்கார்ன் முழுதானியம். தவிடும் முளையும் நீக்கப்படாமல் மணி அப்படியே பொரிகிறது. அதனால் 100 கிராமுக்கு 14 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து கிடைக்கிறது. மூன்று கப்பில் மூன்றரை கிராம். அரிசிப் பொரியும் காற்றடைத்தது, எடையும் குறைவு. ஆனால் தவிடு நீக்கிய அரிசியில் செய்வதால் நார்ச்சத்து மிகச் சொற்பம். பல்லிடுக்கில் சிக்கி எரிச்சலூட்டும் அந்தப் பழுப்புத் தோலில்தான் பாலிஃபீனால்கள் என்னும் வேதிப்பொருள்கள் செறிந்திருப்பதாக 2012இல் அமெரிக்காவின் ஸ்கிராண்டன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜோ வின்சன் அறிவித்தார். செய்தித்தாள்கள் உடனே பாப்கார்னைப் பழங்களுக்கு மேலாகத் தூக்கி வைத்தன. அது மிகை. ஆய்வுக்கூடத்தில் அளந்த சத்து அவ்வளவும் உடலில் சேரும் என்று கொள்ள முடியாது. பழத்தில் உள்ள வைட்டமின் சி பாப்கார்னில் இல்லை. சோளத்தின் புரதத்தில் லைசின், டிரிப்டோபான் ஆகிய அமினோ அமிலங்களும் குறைவு. ஆகவே இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் பாப்கார்னோடு படுத்துவிடுவது உணவுக் கட்டுப்பாடு ஆகாது. சாப்பாட்டின் இடத்தை இது பிடிக்கக் கூடாது, முறுக்கின் இடத்தைப் பிடிக்கலாம்.

இதுவரை சொன்ன நன்மையெல்லாம் வெறும் பொரிக்கே உரியது. நுரைபோன்ற அதன் பரப்பு கொழுப்பைத் தாராளமாக உறிஞ்சும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி; வெண்ணெயும் கிட்டத்தட்ட அவ்வளவே. எண்ணெய் தாராளமாக விட்டுப் பொரித்தால் 100 கிராமுக்கு 500 கலோரி ஆகிவிடுகிறது. அப்போது சிப்ஸுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்கத் திரையரங்குகளின் பாப்கார்னை ஆராய்ந்த பொதுநல அறிவியல் மையம் என்ற அமைப்பு, தேங்காய் எண்ணெயில் பொரித்த நடுத்தர அளவுப் பொட்டலம் ஒன்றிலேயே 37 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருப்பதாக 1994இல் அறிவித்தது. ஒரு நாளுக்கு உரிய அளவைப்போல அது ஏறக்குறைய இரு மடங்கு. அந்த அறிவிப்புக்குப் பிறகு பல திரையரங்குகள் எண்ணெயை மாற்றின.

திரையரங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கை தானாக நீள்கிறது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்ததும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுக்கப்பட்டன. திரையரங்கில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள் பழையதையும் புதியதைப்போல அதே அளவு தின்றார்கள். நன்றாக இல்லை என்று அவர்களே சொன்னார்கள். கை மட்டும் நிற்கவில்லை. வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் எடுக்கச் சொன்னபோது, அவர்கள் பழையதைக் குறைத்துக்கொண்டார்கள். பொட்டலத்தோடு உட்காராமல் அளந்து கிண்ணத்தில் போட்டுக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

கேரமல் பாப்கார்ன் வேறு பண்டம். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்பும் மசாலாவும் சேர்த்துப் பொட்டலமிடாமல் உதிரியாக விற்கும் பாப்கார்னுக்கு 5 சதவீத வரி என்றும், கேரமல் பூசியதற்கு 18 சதவீதம் என்றும் விளக்கியது. சர்க்கரை ஏறியதும் பொருளின் தன்மையே மாறி அது மிட்டாய் இனத்தில் சேர்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். நாடெங்கும் அதைக் கேலி செய்தார்கள். உணவியல் கண்ணோட்டத்தில் அந்தப் பிரிவினை சரியானதே.

மைக்ரோவேவ் பொட்டலங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கொழுப்பும் உப்பும் முன்கூட்டியே அதில் சேர்ந்துவிடுவதால் குறைத்துக்கொள்ள வழியில்லை. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்பட்ட டையசிட்டைல் என்ற பொருளின் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்ததால், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு மீளாத நுரையீரல் நோய் வந்தது. 2000ஆம் ஆண்டு அது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, பெரிய நிறுவனங்கள் அப்பொருளைக் கைவிட்டன. இந்த ஆபத்து முதன்மையாக ஆலையில் உழைத்தவர்களுக்கே நேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டில் செய்ய அடிகனமான பாத்திரமும் மூடியும் போதும். ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று மணிகளை மட்டும் போட்டு மூட வேண்டும். அவை வெடித்தால் சூடு சரி. பிறகு இரண்டு மேசைக்கரண்டி சோளத்தை ஒரே அடுக்காகப் பரப்பி மூடி, அடிக்கடி குலுக்க வேண்டும். மூடி சற்றே விலகியிருந்தால் நீராவி வெளியேறிப் பொரி மொறுமொறுப்பாக நிற்கும். இறுக்கி மூடினால் சவசவத்துப்போகும். குக்கரில் செய்பவர்கள் மூடியைப் பூட்டாமல் மேலே வைத்தால் போதும். வெடிச்சத்தம் இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்றாகக் குறைந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். மூன்று, நான்கு கப் கிடைக்கும். காய்ந்த பொரியில் கல்லுப்பு ஒட்டாமல் உதிர்வதால் மேலும் மேலும் போடத் தோன்றும். மாவுபோல் அரைத்த உப்பு என்றால் ஒரு சிட்டிகையிலேயே சுவை பரவிவிடும். நாள் முழுக்கச் சேரும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. மிளகுத்தூள், கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி எதைத் தூவினாலும் உப்பின் தேவை குறையும்.

நீரிழிவு உள்ளவர்கள் மூன்று கப்பில் சுமார் 18 கிராம் மாவுச்சத்து இருப்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடல்சுவரில் சிறு பைகள் உள்ளவர்களுக்குப் பாப்கார்ன் ஆகாது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் தடுத்துவந்தார்கள். 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. பல்லில் பாதிப்பு உள்ளவர்கள் அடியில் தங்கும் பொரியாத மணிகளைக் கடிக்கக் கூடாது. நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்கவே கூடாது; மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.