வடசென்னை அபலைகளும் சர்க்கார் மருந்தும்

எச்.ஐ.வி. என்னும் கிருமி இத்தேசத்தில் புகுந்துவிட்டதா என்று அறிய 1986-ஆம் வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் தலைப்பட்டபோது, இரத்தம் எடுக்கச் சென்ற இடம் விபசாரக் குற்றத்திற்காகப் பெண்களை அடைத்து வைத்திருந்த சர்க்கார் இல்லம். வேலூரில் சோதித்ததில் ஆறு பேருக்குத் தொற்று வெளியாயிற்று. தேசம் விழித்துக் கொண்டது. அந்த இரு மாதரசிகளின் தொண்டை நாம் மறக்கவொண்ணாது. ஆனால் இரத்தம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? அன்று மருந்தே இல்லை. தொற்றுண்டு என்ற காரணத்திற்காகவே சில பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். ஒரு பெண் பத்திரிகையாளர் வழக்காடி, 1990-இல் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தனர்.

வெள்ளைச் சிப்பாய்களின் தேகசுகத்தைக் காப்பதற்காக 1868-இல் ஆங்கிலேயர் ஒரு சட்டஞ் செய்து, நம் பெண்களைப் பலவந்தமாகப் பரீட்சித்துத் தனி ஆஸ்பத்திரிகளில் பூட்டி வைத்தனர். கண்டனம் வலுத்து 1888-இல் அது ரத்தாயிற்று. சுயராஜ்யம் பெற்ற நாமும் அதே வழியில் சிறிது தூரம் நடந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் இலவசமாகவே மருந்து தருகிறது. தாம்பரம் சானடோரியம் அதில் முன்னின்றது. ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் இம்மருந்து உண்டு. நாள் தவறாமல் உட்கொண்டு, கிருமி இரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கினால், உடலுறவால் பிறருக்குத் தொற்றுவதில்லை. சம்மதமின்றிச் சோதிப்பதையும் இரகசியத்தை வெளியிடுவதையும் 2017-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது.

அப்படியிருந்தும் காசிமேட்டிலோ எண்ணூரிலோ வாழும் ஒரு பெண் ஏன் தயங்குகிறாள்? இந்நகரில் பம்பாயைப் போலத் தனித்தெரு கிடையாது. அவள் குடித்தனக்காரி, அண்டை வீட்டாருக்கு அவள் மீன் கூடைக்காரியோ, கம்பெனிக் கூலியோதான். மருந்துக் கூடத்து வரிசையில் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்பட்டால் வாடகை வீடும் போம், குழந்தையின் பள்ளிக்கூடமும் போம். இரவெல்லாம் விழித்தவளுக்குக் காலை வரிசை ஒரு தண்டனை. துறைமுகத்து வாசலில் காத்துக் கிடக்கும் லாரிகளைக் கடந்து பஸ்ஸில் போய்வர அரைநாள் கூலி போய்விடும். (விற்பவளுக்கு நம் பாஷையில் எத்தனையோ பெயர்கள், வாங்குகிறவனுக்குப் பெயர் தேடினால் அகப்படுவது அருமை.)

எல்லாவற்றினும் பெரிது போலீஸ் பயம். பையில் ஆணுறை இருப்பதைக் குற்றத்திற்குச் சாட்சியாகக் கொள்ளலாகாதென்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. அக்கட்டளை திருவொற்றியூர் ரோட்டில் இரவு ரோந்து வரும் கான்ஸ்டபிளின் காதுக்கு எட்டியாக வேண்டும். அதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒட்டுவதற்குச் சர்க்காருக்கு என்ன செலவு?

நாம் கேட்பது அதிகமில்லை. மருந்துக் கூடம் மாலையிலும் திறந்திருக்கட்டும். உடல் நிலைபெற்றவர்களுக்கு ஒரே தடவையில் மூன்று மாத மருந்து கொடுக்கட்டும். இத்தொழிலில் இருந்து மீண்டவர்களையும் இருப்பவர்களையுமே துணைக்கு அமர்த்திச் சம்பளம் கொடுக்கட்டும். அவர்கள் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். வடசென்னையில் தொழிற்சங்கம் நடத்தும் நண்பர்கள், கூலி உயர்வு மனுவோடு இதையும் சேர்த்து ஆரோக்கிய மந்திரியிடம் கொண்டு செல்லக் கூடாதா? லாரிக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் அவர்கள் சங்கத்தார்தாமே.